யார், யாருக்கு, என்ன

யின் டீச்சர் எனக்குத் தரவேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது யுவான். அவருடைய ஆங்கில டியூஷன் சென்டரின் வகுப்பறைகள், நடைபாதை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் டைல்ஸ் போட்ட கூலி அது. சிமெண்டும் மணலும் அவர் செலவு. கையும் முழங்காலும் என் செலவு.

என்னோடு பூச்சு வேலை செய்த சுய் கெட்டிக்காரன். சொன்ன தேதிக்குக் காசு வரவில்லை என்றதும் தன் மெத்தைச் சுருட்டைக் கொண்டுபோய் சென்டர் நடைபாதையில் விரித்துப் படுத்துவிட்டான். தலைமாட்டில் ஒரு பாட்டில் சாராயம், ஒரு பொட்டலம் வேர்க்கடலை. பிள்ளைகளை விட வரும் அம்மாக்கள் அவன் காலைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

"நீயும் வந்து படுடா கெங். ரெண்டு பேரா படுத்தா சீக்கிரம் நடக்கும்" என்றான்.

"நான் போட்ட தரையில நானே எப்படிப் படுக்கிறது?"

"ஏன், குளிருமா?"

மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் காசு வந்துவிட்டது. நான் படுக்காததால் என் காசு வரவில்லை. யின் டீச்சர் யாரிடமோ கைமாற்று வாங்கி அவனுக்குக் கொடுத்திருந்தார். அதற்குமேல் அவரிடம் எதுவும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முப்பது வயது இருக்கும். அப்பா கிராமத்து வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்த பணத்தில் சென்டரைத் திறந்தவர்.

"மேஸ்திரி, வருஷ முடிவுக்குள்ள மொத்தமா குடுத்துடறேன். உங்க பொண்ணு எட்டாவதுதானே? அதுவரைக்கும் ஷாவ்ஹேயை இங்க அனுப்புங்க. ஃபீஸ் வேணாம். அதை வட்டின்னு வச்சுக்கங்க" என்றார்.

நான் சரி என்றேன். ஷாவ்ஹேக்கு எல்லாப் பாடமும் வரும், ஆங்கிலம் மட்டும் வராது. ஒன்பதாவது முடிவில் ஒரு பெரிய பரீட்சை இருக்கிறது. அதில் பாதிப் பேர் மேல்பள்ளிக்குப் போவார்கள். மீதிப் பேர் தொழிற்பள்ளி என்ற பெயரில் நேரே ஃபாக்டரிக்குப் போவார்கள். ஷாவ்ஹேயின் அம்மா தெற்கே ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகப் பசை தடவுகிறாள். இரவில் போனில் பேசும்போது அந்தப் பசையின் நாற்றம் எனக்கு இங்கே வரும். மகளுக்கு அது வேண்டாம் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு ஆசை கிடையாது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு சுய் சிரித்தான். "வட்டிக்கு இங்கிலீஷ் வாங்கின ஒரே டைல்ஸ்காரன் நீதான்டா. அசலுக்கு என்ன வாங்கப்போற? ஃப்ரெஞ்சா?"

அந்த சென்டரில் பெற்றோர் வகுப்பின் கடைசியில் உட்காரலாம். அம்மாக்கள் நோட்டோடு வந்து, பிள்ளைகளைவிட வேகமாக எழுதிக்கொள்வார்கள். வேலை இல்லாத நாட்களில் நானும் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சொந்த மொழி எழுத்தே முப்பத்தெட்டு வயதில், ஷாவ்ஹேயின் முதல் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து வந்தது. ஆங்கிலம் எனக்கு ஏறப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது. என் காசு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

அன்றைக்கு டீச்சர் போர்டில் ஒரு சொல்லை எழுதினார். மூன்றே எழுத்து. 'ஓ' என்று படிக்கவேண்டுமாம். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டை பார்க்கும்போது வாய் திறப்பதுபோல மொத்த வகுப்பும் "ஓ" என்றது.

"தரவேண்டியிருக்குன்னு அர்த்தம். ஆனா நாம பேசற மாதிரி இது மொட்டையா நிக்காது. 'காசு பாக்கிப்பா'ன்னு நாம சொல்லிட்டுப் போயிடுவோம். யார் தரணும், யாருக்குத் தரணும், அதெல்லாம் கேக்கறவங்க தலையெழுத்து. இங்க அது நடக்காது. யார், யாருக்கு, என்ன. இந்த வரிசை. முதல்ல ஆள், அப்புறம் ஆள், கடைசியில பொருள்."

அம்மாக்கள் எழுதிக்கொண்டார்கள். நான் விரலால் முழங்காலில் எழுதிப் பார்த்தேன்.

"பொருளை முன்னாடி வச்சா, ஆளுக்கு முன்னாடி 'டு'ன்னு ஒரு குட்டிச் சொல் போடணும். மறந்தா மார்க் போச்சு. அப்புறம், இதுக்கு 'இங்' ஒட்டாதீங்க. ஓடிக்கிட்டிருக்கேன், சாப்பிட்டுக்கிட்டிருக்கேன் மாதிரி இது செய்யற வேலை இல்ல. இருக்கிற நிலைமை. நீங்க தூங்கினாலும் இது இருக்கும்."

முன் வரிசையில் பாங் லெய் கை தூக்கினான். ஆட்டுக்கறி சூப் கடைக்காரர் மகன். அவன் கன்னமும் சூப் குடித்த கன்னம்தான்.

"டீச்சர், நம்ம ஊர்ல 'உனக்கு அடி பாக்கிடா'ன்னு சொல்வோமே, அதுக்கும் இதையே போடலாமா? யூ ஓ அடி?"

"போட்டுப் பாரு. வெள்ளைக்காரன் பயந்துடுவான். 'ஐயோ, நான் யாரை அடிக்கணும்? என்னிக்குள்ள அடிக்கணும்?'னு கேப்பான். வாங்கவேண்டியவன் அவன்தான்னு அவனுக்குத் தெரியவே தெரியாது."

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை பரீட்சையில் அப்படியே எழுதிவைக்கிறது, திருத்துகிறவர்கள் சிரித்துவிட்டுச் சுழி போடுகிறார்கள் என்றார் டீச்சர்.

அடுத்து இன்னொரு வாக்கியம் எழுதினார். என் வெற்றியை என் அம்மாவுக்கு நான் ஓ என்று வருகிற வாக்கியம். ஷாவ்ஹே எழுந்தாள். அவள் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வெற்றி நம்மகிட்டதானே டீச்சர் இருக்கு? அதை எதுக்கு அம்மாவுக்குத் தரணும்?"

"தரவேணாம். அவங்களாலதான் வந்துதுன்னு சொல்றது. நாம இதுக்கு வேற சொல் வச்சிருக்கோம். அவங்க கடனுக்குச் சொல்ற அதே சொல்லைச் சொல்றாங்க." டீச்சர் சாக்பீஸை உருட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "சூப் கடைக் கடனைக் குடுத்துட்டா முடிஞ்சுது. இதைக் குடுத்து முடிக்க முடியாது. அதனால சொல்லிக்கிட்டே இருக்கணும் போல."

பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். ஒருத்தி அக்காவுக்கு மன்னிப்புத் தரவேண்டும் என்றாள். ஒருவன் பக்கத்துப் பையனுக்கு ரெண்டு கோலா தரவேண்டும் என்றான். பாங் லெய் மறுபடி எழுந்தான். நின்று, திரும்பி, என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தித் தப்பில்லாமல் சொன்னான். டீச்சர் யின், ஷாவ்ஹேயின் அப்பாவுக்கு, நிறையக் காசு.

எனக்கே அது புரிந்தது. யார், யாருக்கு, என்ன. மூன்றும் இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா பேனாவை மூடினாள். ஷாவ்ஹேயின் கழுத்துப் பின்பக்கம் சிவந்து காது வரை ஏறியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். போர்டுக்குக் கீழே ஒரு டைல்ஸ் அடியில் காற்று இருக்கிறது. மிதித்தால் டொக்கென்னும். போட்ட அன்றே தெரியும்.

டீச்சர் அந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதினார்.

"சரியான வாக்கியம். ஒரு பிழையும் இல்ல. எல்லாரும் எழுதிக்கங்க" என்றார்.

எழுதிக்கொண்டார்கள்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது ஷாவ்ஹே என் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னாள். "இனிமே வந்து உக்காராதீங்கப்பா."

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"நீங்க உக்காந்திருந்தா டீச்சருக்குக் காசு ஞாபகம் வருது. பாடம் ஞாபகம் வரமாட்டேங்குது."

அதற்கப்புறம் நான் உள்ளே போகவில்லை. வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்திருப்பேன். வசந்த காலப் பரீட்சையில் ஷாவ்ஹேக்கு ஆங்கிலத்தில் முப்பதுகளில் இருந்த மார்க் எழுபதைத் தொட்டது. அன்றைக்கு ஆட்டுக்கறி சூப் வாங்கிக் கொடுத்தேன். பாங் லெய்யின் அப்பா கடையில்தான். இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் மேல்பள்ளி என்று டீச்சர் சொன்னார். சொன்னால் சொன்னதுதான் என்று நானும் நம்பினேன்.

அந்தக் கோடையில் மேலிடத்து உத்தரவு வந்தது. பள்ளிப் பாடங்களுக்குக் காசு வாங்கி டியூஷன் நடத்தக் கூடாது. வாரக் கடைசி, விடுமுறை, எதிலும் கூடாது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கிறார்களாம். டீச்சரின் சென்டரை மூடிக் கதவில் முத்திரைக் காகிதம் ஒட்ட ஆட்கள் வருவதற்கு முன்பே, ஒரு வருட ஃபீஸை முன்பணமாகக் கட்டியிருந்த பெற்றோர் வந்துவிட்டார்கள். பின் வரிசையில் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அம்மாக்கள்தான். ஒருத்தி ப்ரொஜெக்டரைக் கழற்றினாள். இரண்டு பேர் ஏசியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். பெஞ்சுகள் மூன்று சக்கர வண்டிகளில் போயின. போர்டைக்கூட ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சுவரும் தரையும்தான் மிச்சம். டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"லேட்டா வந்துட்டீங்க மேஸ்திரி" என்றார். பிறகு தரையைத் தட்டினார். "இது ஒண்ணுதான் இருக்கு. நீங்க போட்டதுதானே, பேத்து எடுத்துக்கங்க."

ஒட்டிய டைல்ஸ் உடையாமல் வராது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்ததால் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"புத்தாண்டுக்கு முன்னாடி குடுத்துடறேன். அப்பா பன்னி வளர்க்கிறார். வருஷக் கடைசியில வித்துடுவார்" என்றார்.

அவர் தன் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஷாவ்ஹேக்கு போனில் குரல் பதிவு அனுப்புவார். ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல். யாரோடு சேரும், எதோடு சேராது, நம் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று எல்லாம் சொல்வார். பின்னால் பன்றி கத்துகிற சத்தமும் கேட்கும். நாங்கள் ஆவியில் வெந்த மந்தோ ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். இலையுதிர் காலம் முழுக்க அது வந்தது. பிறகு அவரைப்பற்றி யாரோ புகார் கொடுத்தார்கள், திருட்டு டியூஷன் என்று. எங்களுக்கு மட்டும் இல்லாமல் இன்னும் சிலருக்கும் அனுப்பியிருக்கிறார், அவர்களிடம் கொஞ்சம் காசும் வாங்கியிருக்கிறார். எனக்குக் கொடுப்பதற்குச் சேர்த்தாரா, தான் சாப்பிடுவதற்கா, தெரியாது. அபராதம் போட்டார்கள். குரல் நின்றது.

ஷாவ்ஹேயின் மார்க் மறுபடி இறங்கத் தொடங்கியது. குளிர்காலப் பரீட்சையில் நாற்பத்தேழு. வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு, தொழிற்பள்ளி விண்ணப்பத்தை இப்போதே நிரப்பிவிடுவது நல்லது என்றார். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். நகரத்தில் ஒரு தனியார் மேல்பள்ளி இருக்கிறது, ஒரு பாடம் குறைந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் சந்திரப் புத்தாண்டு பிறந்து பதினைந்தாம் நாளுக்குள் பதினெட்டாயிரம் கட்டி இடம் பிடிக்கவேண்டும் என்றார்.

பதினெட்டாயிரம். என் கையில் இருக்கவேண்டிய தொகையை யாரோ எட்டிப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

புத்தாண்டுக்கு ஊருக்கு வந்த ஷாவ்ஹேயின் அம்மா, கம்பளிக் கோட்டைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஷாவ்ஹே அப்பா, அந்தக் காசு எங்க?"

"தரேன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்றது சாப்பாடு போடுமா? ஃபோன் பண்ணுங்க."

"எடுக்கமாட்டேங்கறாங்க. பத்து நாளா பண்றேன்."

"அப்ப நேர்ல போங்க. என் சம்பளத்துல வீட்டு வாடகையும் உங்க முட்டி ஊசியும் போக ரெண்டாயிரம்கூட இல்ல. அந்தக் காசு வந்தா அவ படிக்கட்டும். வரலன்னா என்கூட வரட்டும். எங்க லைன்ல அவ வயசுப் பிள்ளைங்க இருக்குது, வயசு பத்தாம அக்காவோட அடையாள அட்டையைக் காட்டிக்கிட்டு."

ஷாவ்ஹே அடுப்படியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

சுய்யும் அதையேதான் சொன்னான். "வருஷக் கடைசி நாள், விடியறதுக்குள்ள கிளம்பு. கதவுல செவப்புக் காயிதம் ஒட்டிட்டாங்கன்னா அப்புறம் பதினஞ்சாம் நாள் வரைக்கும் வாயத் தொறந்து கேக்கமுடியாது. அதுக்காகவே சில பேரு கோழி கூவும்போதே ஒட்டிடுவாங்க. போ. இந்தத் தடவையாவது படு."

கடன் கேட்கப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பெட்டிப் பால் வாங்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டேன். புத்தாண்டுப் பெட்டி, சிவப்பு நிறம், பொன் எழுத்து. வயல்களில் உறைபனி. வழியில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் மெதுவாகவே போனேன். என்ன சொல்லிக் கேட்பது என்று பாதை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர், எனக்காக இல்ல, ஷாவ்ஹேக்காக. டீச்சர், பாதியாவது. டீச்சர், பன்னி வித்த காசு.

கிராமத்தில் நான் நினைத்ததைவிட முன்பே விடிந்திருந்தது. எல்லாக் கதவுகளிலும் சிவப்புக் காகிதம் ஏறியிருந்தது, பசை இன்னும் ஈரம். யின் வீடு எது என்று ஒரு பையனைக் கேட்டேன். அவன் கையை நீட்டிவிட்டு ஓடினான்.

அந்தக் கதவில் ஒட்டியிருந்தது வெள்ளைக் காகிதம்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். பால் பெட்டியின் சிவப்பு கண்ணில் குத்தியது. அதைச் சுவரோரம் வைத்து, என் மழைக்கோட்டால் மூடினேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

யின் டீச்சர்தான். தலையில் வெள்ளைத் துணி. ஷூவின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றித் தைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். வாசல் மண்ணில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார்.

துக்க வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளை மண்டியிடும். வந்தவர் தூக்கிவிடவேண்டும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இதுவரை யாரும் மண்டியிட்டதில்லை. வாழ்நாள் முழுக்க மண்டியிட்டு வேலை செய்தவன் நான். என் முழங்காலும் மடங்கவில்லை. குனியப் பார்த்து முடியாமல், அவர் தோளைத் தொட்டு "எழுந்திருங்க டீச்சர், எழுந்திருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே மேஜையில் அவர் அப்பாவின் படம். பன்றி விற்கப் போன இடத்தில் விழுந்தாராம். விற்ற காசு ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்து, அதற்குமேலும் ஆகி, ஆளும் போய்விட்டார். நான் படத்துக்கு மூன்று முறை குனிந்தேன். துக்க வீட்டில் வைக்கவேண்டியதை வைக்காமல் வரமுடியாது. சட்டைப் பையில் இருந்த இருநூறு யுவானைத் தட்டில் வைத்தேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த டீச்சரின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிய உருவம். கண் சரியாகத் தெரியாது போல, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"யாரும்மா இது? இந்த நாள்ல நம்ம வீட்டுக்கு எவனும் வரமாட்டானே."

"என் சென்டருக்கு டைல்ஸ் போட்டவரும்மா. கெங் மேஸ்திரி. டவுன்லேருந்து வந்திருக்கார்."

"டவுன்லேருந்தா? இந்தக் குளிர்லயா?" அவர் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்த மனுசன் கடைசி வரைக்கும் ஒண்ணையே சொல்லிட்டிருந்தார். பேங்க் கடன் பேங்க் பாத்துக்கும், வேலை செஞ்சவன் காசு பாக்கி இருக்கக் கூடாதுன்னு. இவளைக் கேட்டா எல்லாம் குடுத்தாச்சுங்கறா. மெய்யாத்தானா? உங்க காசு வந்துடுச்சா?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த நோட்டுகளை ஒழுங்காக அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றை வைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஷாவ்ஹே ஞாபகம் வந்தாள். பதினைந்தாம் நாள் ஞாபகம் வந்தது. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒரு வாக்கியமும் வரவில்லை. அந்தக் கிழவியின் கை காய்ந்த சோளத்தட்டை மாதிரி இருந்தது, விடவே இல்லை.

"வந்துடுச்சும்மா" என்றேன். "முழுசா வாங்கிட்டேன்."

"அப்பாடா" என்று அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? வாங்கிட்டாராம்."

வாசல்வரை டீச்சர் கூடவே வந்தார். மூடியிருந்த மழைக்கோட்டை நான் எடுத்தபோது அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். எதற்கு வந்தேன் என்பது அவருக்கு முன்பே தெரியும். இப்போது, சாவு தெரியாமல் பண்டிகைப் பெட்டியோடு வந்தேன் என்பதும் தெரிந்துவிட்டது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? ஷாவ்ஹேயை என்ன பண்ணுவீங்க? அவ பரீட்சை..."

"தெரியல டீச்சர்."

"நான் குடுப்பேன். எப்படியாவது. பவோஜோவ் பக்கம் ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை இருக்குதாம், பண்டிகை முடிஞ்சதும்..."

"வேணாம். செத்தவர் எதிர்ல வாங்கிட்டேன்னு சொல்லியாச்சு. இனிமே நான் வாங்கினா ரெண்டு தடவை வாங்கின மாதிரி."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் ஸ்கூட்டரைத் தள்ளத் தொடங்கிவிட்டேன். பால் பெட்டியைத் திருப்பி எடுத்து வருவதா விட்டு வருவதா என்று தெரியாமல், கடைசியில் எடுத்து வந்தேன். சிவப்புப் பெட்டியை அந்த வீட்டில் வைக்க முடியாது.

பாதி வழியில் பேட்டரி தீர்ந்தது. தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஷாவ்ஹே வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, சிவப்புக் காகிதத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வரும்வரை ஒட்டக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கவேண்டும். பசை காய்ந்துபோயிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டு, புதிதாகப் பசை தடவி, ஒட்டினாள்.

உள்ளே அவள் அம்மா மாவில் இறைச்சி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்தாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்ததை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்து அதையும் மடித்து முடித்தாள். பிறகு மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஷூ கம்பெனி லைன் மேஸ்திரிக்குக் குரல் பதிவு அனுப்பினாள். முதலில் புத்தாண்டு வாழ்த்து. வீட்டில் எல்லோரும் நல்லா இருக்கீங்களா. அப்புறம், எம்பொண்ணுக்கு ஒரு இடம், ஜூன் மாசம் பரீட்சை முடிஞ்ச கையோட. அவளுக்கு வேலை செய்ய வரும், கை நல்ல வேகம்.

வாசலில் ஸ்டூலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பதினெட்டாயிரத்து அறுநூத்து நாப்பதை இனிமே கணக்குல வைக்கவேணாமா?" என்று கேட்டாள் ஷாவ்ஹேயின் அம்மா.

"வேணாம். அது முடிஞ்சுது" என்றேன்.